சேர்வரின் சாவி யார் கையில் இருக்கிறது?

வியாபாரத்தில் கணக்கு எங்கே இருக்கிறதோ அங்கேதான் கடையும் இருக்கிறது. கட்டடம், ராக்கை, தராசு எல்லாம் அதற்குப் பிறகுதான். லக்கல பல்லேகமப் பகுதி மக்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய நகரத்தை விட்டுப் புதிய நகரத்துக்குப் பெயர்ந்தவர்கள் அவர்கள். 2018ஆம் ஆண்டு அந்த நீர்த்தேக்கத்தில் நீர் நிரம்பத் தொடங்கியது. கடையை எந்த இடத்துக்கு மாற்றினாலும், யார் நமக்கு எவ்வளவு தர வேண்டும், நாம் யாருக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும் என்ற கணக்கு கூடவே வந்தால்தான் வியாபாரம் தொடரும். கணக்கை விட்டுவிட்டு வந்தவன் புதிதாகக் கடை தொடங்கியவன்தான்.

அந்தக் கணக்கு இன்று கடன் கொப்பியில் இல்லை. கல்லாவுக்குப் பின்னால், சாமான் பெட்டிகளுக்கு நடுவே, தூசு படிந்து நிற்கும் ஒரு கணனிக்குள் இருக்கிறது. அதைத்தான் 'சேர்வர்' என்கிறோம். பில் போடும் கணனி இரண்டு, ஒபிஸில் கணக்குப்பிள்ளையின் கணனி ஒன்று, ஸ்டோர் அறையில் ஒன்று என்று நான்கைந்து கணனிகள் அதனோடு பேசிக்கொண்டிருக்கின்றன. மிளகு, கராம்பு வாங்கி விற்பவருக்கும், ஹாட்வெயார் கடைக்காரருக்கும், தம்புள்ளைக்கு மரக்கறி ஏற்றுபவருக்கும் இதே ஏற்பாடுதான்.

ஒரு நாள் காலையில் அந்தக் கணனி ஆளை உள்ளே விட மறுக்கிறது. "முதலாளி, உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு. பாஸ்வர்ட் பிழையாம்" என்று பையன் சொல்கிறான். அத்தோடு கடை பாதி மூடியது மாதிரிதான். இந்தப் பிரச்சினையைப் பற்றித்தான் இந்த வாரம் சில விஷயங்களைப் பேசப் போகிறேன். நான் கணனி படித்தவன் அல்ல, கடை நடத்துபவன். ஆனால் தராசு எப்படி வேலை செய்கிறது என்று தெரியாமல் நாம் நிறுத்து விற்பதில்லை அல்லவா? அதுபோல இதையும் முதலாளிமார் ஓரளவாவது தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதே எனது கருத்து.

முதலில் யாரையும் ஏசாதீர்கள்

சேர்வர் உள்ளே விடாத நாளில் நமது கடைகளில் நடப்பது என்ன? முதலாளி கெஷியரை ஏசுகிறார். கெஷியர் சொப்ட்வெயார்காரரைக் குற்றம் சொல்கிறார். சொப்ட்வெயார்காரர், "எங்கள் பக்கத்தில் பிழை இல்லை, நெட்வேர்க்கைப் பாருங்கள்" என்கிறார். நெட்வேர்க் போட்டவர் கரண்டைக் காரணம் காட்டுகிறார். இடையில் வாடிக்கையாளர் நிற்கிறார். சரி, கையால் பில் எழுதுவோம் என்று எழுதுகிறோம். பின்னேரம் கணனி சரியாகிவிடும். கையால் எழுதிய பில்களில் பத்தைப் பதிவார்கள், மூன்றை மறந்துவிடுவார்கள். மாத முடிவில் ஸ்டொக் எடுக்கும்போது மூன்று மூட்டை குறையும்.

அந்தக் குறை யார் தலையில் விழும்? கல்லாவில் இருந்த பையன் தலையில்தான். அவன் திருடவில்லை. ஆனால் திருடவில்லை என்று காட்ட அவனிடம் ஒன்றும் இல்லை. இப்படிப் பெயர் கெட்டு வேலையை விட்டுப் போன இளைஞர்கள் நமது ஊர்களில் இல்லையா? கணனிக் கோளாறு என்பது வெறும் யந்திரக் கோளாறு அல்ல, ஒருவனுடைய நாணயத்தையும் அது தொடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆகவே ஏசுவதற்கு முன்பு ஒரு கேள்வியைக் கேளுங்கள். "உள்ளே போக முடியாதது ஒருவருக்கா, எல்லோருக்குமா?" எல்லோருக்கும் என்றால் பிழை சேர்வரிலோ, வயர்கள் வந்து சேரும் சுவிட்ச் பெட்டியிலோ, கரண்டிலோ இருக்கிறது. ஒருவருக்கு மட்டும் என்றால் பிழை அவருடைய கேபிளில், அவருடைய கணனியில் அல்லது அவருடைய பாஸ்வர்டில் இருக்கிறது. இந்த ஒரு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிடும். அதன் பிறகு ஐந்து இடங்களை வரிசையாகப் பார்க்க வேண்டும். வரிசையை மாற்றக் கூடாது. முதலில் கரண்டும் வயரும், பிறகு இலக்கம், பிறகு பெயர், பிறகு நேரம், கடைசியில்தான் பாஸ்வர்ட். நமது ஆட்களோ கடைசியில் பார்க்க வேண்டியதை முதலில் பார்த்து, பாஸ்வர்டைப் பத்து முறை அடித்துக் கணக்கையே பூட்டிவிடுகிறார்கள்.

கரண்டும் வயரும்

2022 மார்ச் 31ஆம் திகதி முதல் நாட்டில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு அமுலானது யாருக்கும் மறந்திருக்காது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததாகச் சொல்லப்பட்டு நாடு முழுவதுமே இருண்டது. கரண்ட் போவது நமது கையில் இல்லை. போனால் சேர்வர் ஒழுங்காக அணைவதற்கு நேரம் கொடுப்பது நமது கையில் இருக்கிறது. அதற்குத்தான் யூ.பி.எஸ்.

பலரும் சேர்வருக்கு யூ.பி.எஸ். கொடுத்துவிட்டு, அந்தச் சிறிய சுவிட்ச் பெட்டியைச் சாதாரண பிளக்கில் செருகி வைத்திருக்கிறார்கள். கரண்ட் போனதும் சேர்வர் உயிரோடு இருக்கும். ஆனால் அதற்குப் போகும் பாதை செத்துவிடும். பில் பாதியில் நிற்கும். சுவிட்சையும் ரவுட்டரையும் அதே யூ.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள், அவை குடிக்கும் கரண்ட் மிகக் குறைவு. யூ.பி.எஸ். பெட்டரி இரண்டு மூன்று வருடத்தில் களைத்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். பச்சை விளக்கு எரிகிறது என்பதற்காகப் பெட்டரி நல்லது என்று அர்த்தமில்லை.

வயர் விஷயத்தில் இரண்டு எல்லைகளை நினைவில் வையுங்கள். நெட்வேர்க் கேபிள் 100 மீற்றருக்கு மேல் ஒரே இழுவையில் போகக் கூடாது. கடைக்குப் பின்னால் தூரத்தில் இருக்கும் ஸ்டோருக்குக் கேபிள் இழுத்தவர்கள் இதை அளந்து பாருங்கள். இரண்டாவது இடி மின்னல். மார்ச், ஏப்ரல் மாதங்களிலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலும் நமது மலைப் பக்கம் பின்னேரங்களில் இடி இடிப்பது வழமை. இரண்டு கட்டடங்களுக்கு இடையே செம்புக் கேபிளை வெளியால் இழுத்திருந்தால், மின்னல் அதன் வழியாக உள்ளே வந்து சுவிட்சையும் கணனியையும் சேர்த்து எரித்துவிடும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் இடத்தில் கண்ணாடி இழைக் கேபிள் போட்டால் அந்தப் பயம் இல்லை. விலை முன்பு போல் எட்டாத உயரத்திலும் இல்லை.

இலக்கமும் பெயரும்

ஒவ்வொரு கணனிக்கும் நெட்வேர்க்கில் ஓர் இலக்கம் உண்டு. தபால்காரருக்கு வீட்டு இலக்கம் போல. கணனியின் கறுப்புத் திரையில் 'ஐபிகொன்பிக்' என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த இலக்கம் தெரியும். அது 169.254 என்று தொடங்கினால், அந்தக் கணனிக்கு யாரும் இலக்கம் கொடுக்கவில்லை, தானாகவே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த நிலையில் எந்தப் பாஸ்வர்டை அடித்தாலும் சேர்வரோடு பேச முடியாது. கேபிளைப் பாருங்கள், ரவுட்டரைப் பாருங்கள்.

இன்னொரு குழப்பம் நமது கடைகளில் அடிக்கடி நடப்பது. போனுக்கு வைஃபை வேண்டும் என்று யாரோ ஒரு சிறிய ரவுட்டரை வாங்கி வந்து சுவிட்சில் செருகிவிடுகிறார்கள். அந்த ரவுட்டரும் இலக்கம் பகிரத் தொடங்கிவிடும். ஒரே தெருவில் இரண்டு பேர் வீட்டு இலக்கம் கொடுத்தால் என்ன நடக்கும்? பாதிக் கணனிகள் ஒரு பக்கம், பாதி மறுபக்கம். காலையில் வேலை செய்தது பகலில் வேலை செய்யாது. பெரிய பிழை என்று நினைத்துப் பணத்தைச் செலவழிக்கும் முன், அண்மையில் யாராவது புதிதாக எதையாவது செருகினார்களா என்று கேளுங்கள். சேர்வருக்கும் பிரிண்டர்களுக்கும் மாறாத இலக்கத்தைக் கொடுத்து, ரவுட்டர் பகிரும் இலக்கங்களுக்கு வெளியே அவற்றை ஒதுக்கி வையுங்கள். பிரிண்டர் ஒன்று சேர்வரின் இலக்கத்தைத் தட்டிப் பறித்தால் கடையே நின்றுவிடும்.

அடுத்தது பெயர். இலக்கத்தால் கூப்பிட்டால் சேர்வர் பதில் சொல்கிறது, பெயரால் கூப்பிட்டால் சொல்லவில்லை என்றால் பிழை பெயரைத் தேடும் ஏற்பாட்டில் இருக்கிறது. அதை டீ.என்.எஸ். என்பார்கள். 'டொமைன்' முறையில் கணனிகளைச் சேர்த்திருக்கும் சற்றுப் பெரிய நிறுவனங்களில், எல்லாக் கணனிகளும் பெயரை விசாரிப்பது அந்தச் சேர்வரிடமாக இருக்க வேண்டும். இணையம் வேகமாக வரட்டும் என்று யாராவது வெளியில் உள்ள ஓர் இலக்கத்தை அங்கே போட்டுவிட்டால், இணையம் நன்றாக வரும். ஆனால் காலையில் உள்ளே போவதற்கு ஐந்து நிமிடம், பத்து நிமிடம் என்று சுற்றிக்கொண்டிருக்கும். நமது வீட்டு ஆட்களின் பெயரைப் பக்கத்து ஊர்த் தபாற்கந்தோரில் விசாரிப்பது போன்றது அது.

இதிலே ஏமாற வேண்டாத ஓர் இடமும் உண்டு. டொமைனில் உள்ள விண்டோஸ் கணனி, தன்னிடம் கடைசியாக வந்துபோன பத்து வரவுகளை வழமையாக நினைவில் வைத்திருக்கும். ஆகவே சேர்வர் செத்திருந்தாலும் பழைய ஆளை உள்ளே விடும். "நான் உள்ளே போய்விட்டேனே, சேர்வர் நன்றாகத்தான் இருக்கிறது" என்று அவர் சொல்வார். உண்மையில் அவர் தன் வீட்டு வாசலைத்தான் தாண்டியிருக்கிறார். சேர்வரின் வாசலுக்கு இன்னும் போகவில்லை. நேற்றுச் சேர்ந்த புதிய பையன் அதே கணனியில் உள்ளே போக முடியாமல் நிற்பான். அவனில் பிழை இல்லை.

அரை மணித்தியாலக் கதை

நான்காவது நேரம். இதை யாரும் பார்ப்பதில்லை. விண்டோஸ் டொமைனில் ஆளை அடையாளம் காணும் முறைக்குக் 'கெர்பரோஸ்' என்று பெயர். கிரேக்கக் கதையில் வரும் மூன்று தலை நாயின் பெயர் அது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1980களில் உருவானது. விண்டோஸ் 2000 முதல் மைக்ரோசொப்ட் அதைப் பயன்படுத்துகிறது. அந்த நாய்க்கு ஒரு குணம் உண்டு. ஆளின் கணனியிலும் சேர்வரிலும் உள்ள நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் வித்தியாசப்பட்டால், பாஸ்வர்ட் சரியாக இருந்தாலும் அது உள்ளே விடாது. பழைய அனுமதிச் சீட்டைத் திருடி வந்து யாரும் காட்டக் கூடாது என்பதற்காக வைத்த காவல் அது.

நமது நாட்டில் இதற்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. 1996 மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்கக் கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளினார்கள். அதே வருடம் ஒக்டோபரில் அரை மணித்தியாலம் பின்னே இழுத்தார்கள். பத்து வருடம் அப்படியே ஓடி, 2006 ஏப்ரல் 15ஆம் திகதி மறுபடியும் அரை மணித்தியாலம் இழுத்துப் பழைய நேரத்துக்கே வந்தோம். கணனியில் ஊரின் நேரம் ஒரு கணக்கு, உலக நேரம் இன்னொரு கணக்கு. அப்படியான நாளில் எல்லாக் கணனிகளிலும் 'நேர வலயத்தை' ஒரே மாதிரி மாற்றியவருக்குப் பிரச்சினை இல்லை. ஒரு கணனியில் வலயத்தையும் இன்னொன்றில் கடிகார முள்ளையும் மாற்றினால் உள்ளே உலக நேரம் அரை மணித்தியாலம் பிசகிவிடும். சுவரில் பார்த்தால் எல்லாம் ஒரே நேரம். கெர்பரோஸின் கண்ணுக்கோ முப்பது நிமிட வித்தியாசம். கதவு திறக்காது.

இன்று கடிகாரத்தை அரசாங்கம் மாற்றுவதில்லை. ஆனால் கணனிக்குள் இருக்கும் சிறிய வட்டப் பெட்டரி மாற்றுகிறது. நாலைந்து வருடம் பழைய கணனியில் அந்தப் பெட்டரி செத்திருந்தால், இரவு கரண்ட் போய்க் காலையில் வரும்போது கணனி பல வருடம் பின்னே போய் நிற்கும். திகதியைப் பாருங்கள், பழைய வருடம் தெரிந்தால் பிழை பாஸ்வர்டில் அல்ல, அந்தப் பெட்டரியில். சில நூறு ரூபாச் சாமான். இதற்காகப் புதிய கணனி வாங்க வைத்துவிடுவார்கள், கவனம். திகதி பிசகினால் பில்லிலும் பிழையான நாள் விழும். 2024 ஜனவரி முதல் வற் வரி 18 வீதமாகி, பதிவுக்கான எல்லை ஆண்டுக்கு 60 மில்லியன் ரூபாவாகக் குறைந்த பிறகு, நம்மில் பலர் அந்த வலைக்குள் வந்திருக்கிறோம். பிழையான திகதியோடு உள்ள பில்லை உள்நாட்டு இறைவரித் திணைக்களத்திடம் எப்படி விளக்கப் போகிறீர்கள்?

பாஸ்வர்ட் என்று வரும்போது

இவ்வளவும் சரி என்றால்தான் பாஸ்வர்டைப் பாருங்கள். முதலில் விசைப்பலகை எந்த மொழியில் இருக்கிறது என்று பாருங்கள். நமது கடைகளில் சிங்களத்திலும் தமிழிலும் அடிக்கிறோம். விசை மாறி நின்றால் நீங்கள் அடிப்பது வேறு, கணனிக்குப் போவது வேறு. புள்ளி புள்ளியாகத் தெரிவதால் கண்ணுக்கும் தெரியாது. பெரிய எழுத்து விசை அமர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, நான்கு இலக்கப் 'பின்' நம்பரைப் பாஸ்வர்ட் என்று நினைப்பது. அந்தப் பின் அந்தக் கணனிக்கு முன்னால் உட்காருபவருக்கு மட்டும்தான். நெட்வேர்க் வழியாகப் போகும்போது முழுப் பாஸ்வர்டைத்தான் கேட்கும். மூன்றாவது, வசதிக்காகப் பாஸ்வர்டே இல்லாமல் வைத்திருப்பது. பாஸ்வர்ட் இல்லாத பெயரை விண்டோஸ் நெட்வேர்க் வழியாக உள்ளே விடாது. அது அதன் பிறவிக் குணம். நான்காவது, பாஸ்வர்டை மாற்றிவிட்டுப் பழையதைப் போனிலோ இன்னொரு கணனியிலோ விட்டுவைப்பது. அது விடாமல் பழையதைக் காட்டிக் காட்டிக் கணக்கைப் பூட்டிவிடும். நீங்கள் திறக்கத் திறக்க அது பூட்டும்.

இதோடு ஒரு புதிய தலையிடியும் சேர்ந்திருக்கிறது. விண்டோஸ் 10க்கான பொதுவான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதி முடிந்தது. பலர் விண்டோஸ் 11க்கு மாறினார்கள். மாறிய மறுநாள் பழைய பொது போல்டர் திறக்கவில்லை என்றார்கள். 2024இல் வந்த 24எச்2 பதிப்பிலிருந்து, பெயர் சொல்லாமல் விருந்தாளியாக வரும் இணைப்பையும் கையொப்பமில்லாத இணைப்பையும் விண்டோஸ் 11 ப்ரோ மறுக்கிறது. சிலர் அந்தக் காவலை எடுத்துவிட்டுப் பழையபடி திறந்து கொடுக்கிறார்கள். அது சரியான வைத்தியம் அல்ல. பழைய வழி எவ்வளவு ஆபத்தானது என்பதை 2017 மே மாதம் 'வன்னாகிரை' உலகத்துக்குக் காட்டியது. ஒவ்வொருவருக்கும் பெயரும் பாஸ்வர்டும் கொடுப்பதே சரியான வழி.

எல்லோருக்கும் ஒரே பெயர் வேண்டாம்

இங்கேதான் எனது முக்கியமான வாதம் வருகிறது. நமது கடைகளில் ஐந்து பேர் வேலை செய்தாலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வர்ட். அதையும் கடதாசியில் எழுதி மொனிட்டரில் ஒட்டியிருப்பார்கள். கேட்டால், "நானா, இது குடும்பக் கடை. எல்லோரும் நம்பிக்கையான ஆட்கள்" என்பார்கள்.

நம்பிக்கை இருப்பதால்தான் தனிப் பெயர் வேண்டும் என்கிறேன். நம்பிக்கையான ஆளிடமும் இரவில் கல்லாவை எண்ணித்தானே வாங்குகிறோம்? அது அவரைச் சந்தேகப்படுவது அல்ல; நாளைக்கு அவர் மீது சந்தேகம் வராமல் காப்பது. ஒரு பில்லை அழித்தது யார், விலையைக் குறைத்தது யார், கடன் தொகையைத் திருத்தியது யார் என்று சேர்வர் சொல்ல வேண்டுமானால் ஒவ்வொருவருக்கும் ஒரு பெயர் இருக்க வேண்டும். எல்லோரும் ஒரே பெயரில் போனால், குற்றம் செய்தவன் தப்புவான், செய்யாதவன் மாட்டுவான். நேர்மையான பையனுக்கு நாம் கொடுக்கக்கூடிய பெரிய பாதுகாப்பு அவனுக்கென்று ஒரு பாஸ்வர்ட். அவன் வேலையை விட்டுப் போனால் அன்றைக்கே அந்தப் பெயரை மூடிவிடலாம். மற்றவர்கள் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

சட்டமும் இதைத்தான் பார்க்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணனிக் குற்றச் சட்டத்தின்படி, அதிகாரம் இல்லாமல் கணனிக்குள் நுழைவது குற்றம். எல்லோருக்கும் ஒரே பாஸ்வர்டைக் கொடுத்து வைத்தவர், யாருக்கு அதிகாரம் இருந்தது, யாருக்கு இல்லை என்று எப்படிக் காட்டுவார்? 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது. நமது சேர்வரில் இருக்கும் வாடிக்கையாளரின் பெயர், தொலைபேசி இலக்கம், கடன் தொகை எல்லாம் அவருடைய விஷயங்கள். நம்மிடம் இருப்பது அமானிதம்.

முதன்மைச் சாவி உங்களிடமா?

சேர்வரில் எல்லாவற்றையும் திறக்கும் முதன்மைப் பாஸ்வர்ட் ஒன்று உண்டு. அது உங்களிடம் இருக்கிறதா என்று கேட்டால், பத்து முதலாளிமாரில் எத்தனை பேர் "ஆம்" என்பார்கள்? "அது சொப்ட்வெயார் போட்டவரிடம் இருக்கிறது" என்பதுதான் அநேகமாக வரும் பதில். அந்த ஆள் வெளிநாடு போய்விட்டால்? கோபித்துக்கொண்டால்? போனை எடுக்காவிட்டால்? இரும்புப் பெட்டியை வாங்கிவிட்டுச் சாவியைத் தச்சனிடம் விட்டு வருவோமா?

சொப்ட்வெயார்காரர்கள் இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். "முதலாளிமாரிடம் கொடுத்தால் எதையாவது அழுத்திக் கெடுத்துவிடுவார்கள்" என்று. அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. அதற்கு வழி, பாஸ்வர்டை எழுதி உறையில் ஒட்டி, மேலே கையொப்பமிட்டு, வீட்டில் இரும்புப் பெட்டியில் வைப்பது. அன்றாட வேலைக்கு முதலாளியும் சாதாரணப் பெயரில்தான் உள்ளே போக வேண்டும். ஆனால் தேவை வந்தால் உறை நம் கையில் இருக்க வேண்டும். அந்த உறைக்குள் ரவுட்டரின் பாஸ்வர்ட், சேர்வரின் இலக்கம், எந்தக் கேபிள் எங்கே போகிறது என்ற ஒரு பக்கப் படம், இணையக் கணக்கு இலக்கம், சொப்ட்வெயார் உரிமத்தின் விபரம் எல்லாம் இருக்கட்டும்.

பல்லேகம போன்ற இடத்துக்கு இது இரட்டிப்பு முக்கியம். மாத்தளையிலிருந்து ஓர் ஆள் ரத்தொட்ட வழியாகவோ நாவுல வழியாகவோ மலைப்பாதையில் வந்து சேர அரை நாள் போய்விடும். அந்தப் படமும் இலக்கங்களும் நமது கையில் இருந்தால், பாதிப் பிரச்சினையைத் தொலைபேசியிலேயே தீர்த்துக்கொள்ளலாம். தூரத்திலிருந்தே பார்க்க வசதி என்று சேர்வரின் கதவை இணையத்துக்கு எப்போதும் திறந்து வைக்கச் சிலர் சொல்வார்கள். ஒப்புக்கொள்ள வேண்டாம். தேவைப்படும் நேரத்தில் திறந்து, வேலை முடிந்ததும் மூடும் முறையில்தான் அது நடக்க வேண்டும். திறந்து கிடக்கும் கதவைத் தேடித் திரிபவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

நான்கு கணனிக்குப் பெரிய சேர்வர் தேவையா என்றும் யோசியுங்கள். விண்டோஸ் ப்ரோ உள்ள சாதாரணக் கணனி ஒன்றே, இருபது இணைப்புகள் வரை போல்டரைப் பகிர அனுமதிக்கிறது. சின்னக் கடைக்கு அது போதும். விற்பவருடைய லாபத்துக்காக நாம் டொமைன் போட வேண்டியதில்லை. கணனிகள் பத்துப் பதினைந்து என்று கூடி, கிளைகளும் வந்த பிறகு அதைப் பேசிக்கொள்ளலாம்.

அரசாங்கத்துக்கே நடந்தது

"நாங்கள் சின்ன ஆட்கள், எங்களை யார் தாக்கப் போகிறார்கள்?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சம்பவம். 2023 ஓகஸ்ட் மாத இறுதியில் இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சல் ஏற்பாட்டைக் கப்பம் கேட்கும் வைரஸ் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் தொலைந்தன. காரணம் என்ன? பயன்படுத்திய மென்பொருள் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு. அதற்கான ஆதரவு அந்த வருடம் ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. அந்த மூன்று மாதத்துக்கு மேலான காலத்துக்குத் தனியாக எடுத்து வைத்த பிரதியும் இருக்கவில்லை.

தலைநகரில், சம்பளத்துக்கு ஆள் வைத்துப் பார்த்துக்கொண்ட இடத்திலேயே இது நடந்தது என்றால், நமது கல்லாவுக்குப் பின்னால் இருக்கும் பெட்டிக்கு என்ன உத்தரவாதம்? கப்பம் கேட்கும் வைரஸ் பெரிய ஆள், சின்ன ஆள் பார்ப்பதில்லை. திறந்த கதவைத்தான் பார்க்கிறது.

பிரதி எடுப்பது பற்றிப் பலருக்கும் ஒரு தவறான எண்ணம் இருக்கிறது. வெளி டிஸ்க் ஒன்றைச் சேர்வரில் மாட்டி அப்படியே விட்டுவிட்டு, "பேக்கப் ஓடுகிறது" என்கிறார்கள். மாட்டியபடியே இருக்கும் டிஸ்க்கையும் வைரஸ் சேர்த்துப் பூட்டிவிடும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே எரியும். இரண்டு டிஸ்க் வைத்திருங்கள். ஒன்று மாட்டியிருக்கும்போது மற்றது கழற்றி வேறு கட்டடத்தில் இருக்க வேண்டும். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா சூறாவளியோடு வந்த மழையும் மண்சரிவும், ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைத்திருப்பதன் ஆபத்தை மலையகத்துக்கு நன்றாகவே காட்டிவிட்டன. முடிந்தால் வேறு ஊரில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி இருக்கட்டும். மாதம் ஒரு முறை அந்தப் பிரதியிலிருந்து பழைய பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பிரதி, எண்ணிப் பார்க்காத பணக்கட்டு மாதிரி.

இந்த வாரமே செய்யக்கூடியவை

இதற்கெல்லாம் பெரிய பணம் தேவையில்லை. கடை மூடிய பிறகு ஒரு பின்னேரம் போதும். சுவிட்சையும் ரவுட்டரையும் யூ.பி.எஸ்.ஸில் மாட்டுங்கள். எல்லாக் கணனிகளிலும் திகதியும் நேரமும் சரியா என்று பாருங்கள். சேர்வரின் இலக்கத்தை எழுதி வையுங்கள். மொனிட்டரில் ஒட்டிய கடதாசியைக் கிழித்துவிட்டு, ஒவ்வொரு ஊழியருக்கும் அவருடைய பெயரில் ஒரு கணக்கைத் திறக்கச் சொல்லுங்கள். முதன்மைப் பாஸ்வர்டைச் சொப்ட்வெயார்காரரிடம் கேட்டு வாங்கி உறையில் போடுங்கள். அவர் தர மறுத்தால், அடுத்த வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதைப் பேசி முடியுங்கள்.

கையால் பில் எழுதும் நாள் வந்தால் என்ன செய்வது என்பதையும் இப்போதே ஊழியர்களோடு பேசி வையுங்கள். தொடர் இலக்கம் அச்சடித்த பில் புத்தகம் ஒன்று கல்லாவில் இருக்கட்டும். கணனி திரும்பி வந்ததும் யார் அதைப் பதிவது, யார் சரிபார்ப்பது என்று பெயர் குறித்து வையுங்கள். பதிந்த பில்லில் ஒரு கோடு போட்டுக் கையொப்பம் வைத்தால், எந்த இலக்கம் விடுபட்டது என்று உடனே தெரியும்.

பையன்மார் நம்மைவிட நன்றாகக் கணனி அறிந்தவர்கள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. வேலையை அவர்களிடமே விடுங்கள். ஆனால் எந்த வயர் எங்கே போகிறது, யார் எந்தப் பெயரில் உள்ளே வருகிறார், பிரதி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் முதலாளிக்குத் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த முறை "உள்ளுக்குப் போக ஏலாம இருக்கு" என்று ஒரு பையன் வந்து நிற்கும்போது, அவனைச் சந்தேகத்தோடு பார்க்காமல், அவனோடு சேர்ந்து வயரிலிருந்து பார்த்துக்கொண்டு வர அந்த நான்கு பதில்களும் போதும்.